ஆகஸ்டில் ஸ்வெட்டர்: அவுட்சைட் லேண்ட்ஸ் இசை விழாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நடக்கும் திறந்தவெளி இசை விழாவுக்கு அவுட்சைட் லேண்ட்ஸ் என்று பெயர். 2008-ல் தொடங்கியது. கொரோனாவால் 2020-ல் நடக்கவில்லை. 2021-ல் அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது. மற்றபடி கோடைக்குக் கோடை தவறாமல் நடக்கிறது. சான் ஹோசே, சன்னிவேல், ஃப்ரீமான்ட் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்த நம்மவர்கள், ஆபீஸில் யாராவது சொல்லிக் கேள்விப்பட்டு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். யார் பாடுகிறார்கள் என்று ஒரு மாதம் ஆராய்கிறார்கள். எப்படித் திரும்பி வருவது என்று ஐந்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஐந்து நிமிடத்துக்காக. பாட்டைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. அது உங்கள் ரசனை.

காசு கொடுத்துத்தான் போக வேண்டுமா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். அவுட்சைட் லேண்ட்ஸில் ஒரு நாள் டிக்கெட்டே, கூடுதல் கட்டணமெல்லாம் சேர்ந்து, ஆளுக்கு 200 டாலரைத் தாண்டிவிடும். மூன்று நாளுக்கும் சேர்த்து எடுத்தால் 400-க்கு மேல். உள்ளே சாப்பாடு தனி. புல்வெளியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது நமக்குச் சரிப்படுமா என்றே தெரியாதவர்கள் இவ்வளவு பணத்தைப் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. இதே ஊரில் இலவசமாகவே ஒத்திகை பார்க்கலாம்.

19ஆம் அவென்யூவும் ஸ்லோட் புலவார்டும் சந்திக்கும் இடத்தில் ஸ்டெர்ன் குரோவ் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. கணவர் சிக்மண்ட் ஸ்டெர்னின் நினைவாக ரோசலி மேயர் ஸ்டெர்ன் என்ற அம்மையார் 1931-ல் வாங்கி நகரத்துக்குக் கொடுத்த நிலம். சுற்றிலும் யூகலிப்டஸ் மரங்கள், நடுவில் மேடை, சரிவு முழுக்க மக்கள். 1938 முதல் கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இலவசக் கச்சேரி நடக்கிறது. சில ஆண்டுகளாக முன்பதிவு கட்டாயம். அதற்கும் காசு கிடையாது, ஆனால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இணையதளத்தில் பதிவு எப்போது திறக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் டப்பாவில் கட்டிக்கொண்டு போய், ஜமக்காளம் விரித்து, ஜாஸ் கேட்டுக்கொண்டே சாப்பிடும் குடும்பங்களை அங்கே பார்க்கலாம். குழந்தைகளோ, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோ கூட இருந்தால் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று ஹார்ட்லி ஸ்டிரிக்ட்லி புளூகிராஸ் என்ற இசை விழா. வாரன் ஹெல்மன் என்ற முதலீட்டாளர், பாஞ்சோ வாசிக்கப் பிடித்துப்போன மனிதர், 2001-ல் தன் பணத்தில் தொடங்கியது. அவர் 2011-ல் காலமான பிறகும் இலவசமாகவே நடக்கிறது. அக்டோபர் தொடக்கத்தில், அதே கோல்டன் கேட் பூங்காவில். நாள்காட்டிப்படி அது இலையுதிர் காலம்தான். ஆனால் இந்த நகரத்தில் உண்மையான வெயில் செப்டம்பர், அக்டோபரில்தான் அடிக்கும். டிக்கெட்டே இல்லை, நடந்து உள்ளே போக வேண்டியதுதான்.

இவை இரண்டும் போதும் என்று தோன்றினால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நானாக இருந்தால் முதல் ஆண்டு அப்படித்தான் செய்யச் சொல்வேன். பெரிய பெயர்களையும் பெரிய கூட்டத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

டிக்கெட்

முதல்முறை என்றால் ஒரு நாள் போதும். மூன்று நாள் டிக்கெட் கணக்குக்கு மலிவு, காலுக்கு மலிவில்லை. மதியம் போய் இரவு 10 மணிவரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். பொது டிக்கெட்டுக்கு நாற்காலி கிடையாது. மார்கழியில் சபாவில் சாய்ந்து உட்கார்ந்து, தனி ஆவர்த்தனம் வந்ததும் கேன்டீனுக்குப் போய் வருகிற பழக்கமெல்லாம் இங்கே உதவாது.

மூன்று நாள் டிக்கெட்டுகள்தான் முதலில் விற்பனைக்கு வரும். எந்த நாளில் யார் என்ற பட்டியல் தெரிந்த பிறகு ஒரு நாள் டிக்கெட்டுகள் வரும். அதுவரை பொறுத்திருங்கள். விழாவின் சொந்த இணையதளத்திலோ, அது கைகாட்டும் மறுவிற்பனைத் தளத்திலோ மட்டும் வாங்குங்கள். கடைசி வாரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் "என்னால் போக முடியவில்லை, பாதி விலைக்குத் தருகிறேன்" என்று வரும் செய்திகளில் எது உண்மை, எது ஏமாற்று என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

டிக்கெட் என்பது காகிதம் அல்ல, துணியால் ஆன ரிஸ்ட்பேண்ட். உள்ளே ஒரு சிப் இருக்கும். வாங்கியதும் உங்கள் பெயரில் ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். தொலைந்தால் அதுதான் அத்தாட்சி. அந்தத் துணிப்பட்டையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மணி இருக்கிறது. அதைத் தள்ளினால் பட்டை இறுகும், திரும்பத் தளராது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டினால் செல்லாது. எனவே வந்த அன்றே ஆசையாகக் கட்டிப் பார்க்காதீர்கள். போகிற நாள் காலையில், இரண்டு விரல் நுழையும் அளவு இடம் விட்டு, கழற்ற முடியாதபடி கட்டுங்கள். தனியாக இருக்கும்போது இடது கையில் கட்டிப் பல்லால் இழுத்து இறுக்குவது எல்லோரும் செய்வதுதான். ஒரே ஒரு இழுப்பு அதிகமானால் இரவுவரை கை வலிக்கும்.

குளிர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ஆகஸ்ட் மதியம் சான் ஹோசேவில் 85 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 29, 30 இருக்கும். அதே நேரத்தில், ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் கோல்டன் கேட் பூங்காவின் மேற்குப் பக்கத்தில் 60-ஐ ஒட்டி இருக்கும், அதாவது 16 டிகிரி. இருட்டியதும் 12, 13-க்கு இறங்கும். காற்று வேறு. காரணம் எளிது. கலிபோர்னியாக் கரையை ஒட்டிய கடல்நீர் கோடையிலும் சில்லென்று இருக்கும். ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே வந்துகொண்டே இருப்பதால் அப்படி. அதன் மேலுள்ள ஈரக்காற்று பனிமூட்டமாகிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் வெயில் ஏற ஏற அங்கே காற்று சூடாகி மேலே போகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று பனிமூட்டத்தையும் இழுத்துக்கொண்டு ஊருக்குள் வருகிறது. ஆக, உங்கள் வீட்டுப் பக்கம் வெயில் கொளுத்துகிறது என்றால் பூங்காவில் குளிர் கூடுதலாக இருக்கும் என்றுதான் பொருள். ஊர்க்காரர்கள் அந்தப் பனிமூட்டத்துக்குக் கார்ல் என்று பெயர் வைத்து, ட்விட்டரில் கணக்கும் தொடங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

விழா நடக்கும் இடம் பசிபிக் கரையிலிருந்து சுமார் ஒரு மைல்தான். நான்கு, ஐந்து மணி வாக்கில் பாருங்கள்: மேற்கே மரங்களின் உச்சி மங்கும், பிறகு மேடையின் மேல் விளக்குகளைச் சுற்றிப் புகைபோல ஏதோ நகரும். அது மேடைப் புகை அல்ல. அரை மணிக்குள், டி-ஷர்ட்டோடு வந்தவர்களெல்லாம் விழாவின் பெயர் பொறித்த ஹூடி விற்கும் கடையில் வரிசையில் நிற்பார்கள். அந்த ஹூடி விலையில் வெளியே நாலு ஸ்வெட்டர் வாங்கலாம். சைப்ரஸ் மரங்களுக்கு அடியில் நின்றால் பனி திரண்டு இலைகளிலிருந்து சொட்டும். மழை என்று நினைத்து நிமிர்ந்து பார்க்கிறவர்கள் புதியவர்கள்.

எனவே: உள்ளே ஒரு டி-ஷர்ட் அல்லது தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட். ஒரே தடித்த கோட்டைவிட இந்த மூன்று அடுக்கு நல்லது, மதியம் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். காதை மூடும் குல்லாய் அவசியம். கீழே முழு பேன்ட். ஈரப் புல்லில் உட்கார்ந்து எழுந்தால் ஜீன்ஸ் காயவே காயாது, அதனால் உட்கார நீர் புகாத விரிப்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காலில் மூடிய ஷூ, ஏற்கெனவே பழகியதாக. செருப்புப் போட்டுக்கொண்டு வந்தால் மற்றவர்கள் மிதித்தே பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். பனிமூட்டத்திலும் தோல் கருகும் என்பதால் சன்ஸ்கிரீனும் வேண்டும். கேட்கவே அபத்தமாக இருக்கிறது, தெரியும்.

பை

பை கொண்டுபோகாமல் இருக்க முடிந்தால் அதுவே உத்தமம். நுழைவாயிலில் பை இல்லாதவர்களின் வரிசை வேகமாக நகரும். பையின் அளவு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டுமா என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிற விதிகள். போவதற்கு முந்தைய நாள் இணையதளத்தில் பாருங்கள். கொண்டுபோக வேண்டியவை: காலித் தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், காதடைப்பான், கைக்குட்டை, தினமும் சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால் அது மருந்துக் கடை டப்பாவோடு. பாட்டிலை உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம். குடை எடுக்காதீர்கள், வாசலிலேயே போய்விடும். உள்ளே ரொக்கம் செல்லாது, கார்டோ போனோதான்.

அடையாள அட்டை விஷயத்தில் நம்மவர்கள் அடிக்கடி சிக்குகிறார்கள். மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். தலை நரைத்திருந்தாலும் கேட்பார்கள். கலிபோர்னியா லைசென்ஸ் இன்னும் எடுக்காதவர்கள் அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டியிருக்கும். போனில் இருக்கும் படத்தை நம்பிப் போகாதீர்கள். குடிக்கும் உத்தேசமே இல்லையென்றால் பாஸ்போர்ட்டை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வருவதே மேல்.

போய்ச் சேர

காரை மறந்துவிடுங்கள். பூங்காவின் இருபுறமும் குடியிருப்புத் தெருக்கள். வீட்டு வாசலை ஒரு அடி மறைத்து நிறுத்தினாலும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தப்பித்தவறி இடம் கிடைத்தாலும், பின் சீட்டில் ஒரு பை தெரிந்தால் கண்ணாடி உடைந்திருக்க வாய்ப்புண்டு. இந்த ஊருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு கால்ட்ரெய்ன். சான் பிரான்சிஸ்கோவில் அது போய் நிற்கும் நான்காம் தெரு, கிங் தெரு நிலையத்திலேயே என் ஜூடா என்ற முனி (நகரப் போக்குவரத்து) ரயில் புறப்படுகிறது. ஓஷன் பீச் என்று பலகை போட்டதில் ஏறினால் நேராகப் பூங்காவின் தெற்குப் பக்கம் கொண்டுவிடும். ஜூடா தெருவில் 20-களின் அவென்யூக்களில் எங்காவது இறங்கி வடக்கே இரண்டு தெரு நடந்தால் லிங்கன் வே, அதைத் தாண்டினால் பூங்கா. ஃப்ரீமான்ட், டப்ளின் பக்கத்தார் பார்ட் ரயிலில் சிவிக் சென்டர்வரை வந்து அதே என் ரயிலைப் பிடிக்கலாம், அல்லது 5 எண் பஸ்ஸில் பூங்காவின் வடக்குப் பக்கம் ஃபுல்டன் தெருவில் இறங்கலாம். சிவிக் சென்டர் அருகில் பில் கிரஹாம் அரங்கிலிருந்து விழாவுக்கென்றே தனிப் பேருந்து விடுவது வழக்கம். அதற்கு டிக்கெட் தனி. கார் இல்லாமல் முடியாது என்பவர்கள் டேலி சிட்டி பார்ட் நிலையத்தில் நிறுத்திவிட்டு 28 எண் பஸ்ஸில் 19ஆம் அவென்யூ வழியாக வரலாம். பஸ், ரயில் கட்டணத்துக்கான கிளிப்பர் கார்டில் திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பணம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் வழியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். ஜூடாவுக்கு அடுத்த தெருவான இர்விங்கில் வியட்நாம், சீன உணவகங்கள் வரிசையாக உண்டு. உள்ளே சாப்பாடு மட்டமில்லை, சொல்லப்போனால் இந்த விழாவின் பெருமையே அதுதான், ஊரில் பெயர்பெற்ற உணவகங்களெல்லாம் கடை போடும். சைவம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் வெறும் வயிற்றோடு உள்ளே போனால் முதல் ஒரு மணி நேரமும் வரிசையிலேயே கழியும். இரவுச் சாப்பாட்டை ஐந்து மணிக்கே முடித்துக்கொள்வது நல்லது. ஏழு மணிக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும்.

உள்ளே

பெரிய மேடை லேண்ட்ஸ் எண்ட். அது போலோ ஃபீல்டில் இருக்கிறது. 1967 ஜனவரியில் ஹிப்பிகளின் ஹியூமன் பீ-இன் என்ற பெருங்கூட்டம் கூடியது இதே மைதானத்தில்தான். 2025 ஆகஸ்டில் டெட் அண்ட் கம்பெனி என்ற ராக் இசைக்குழு மூன்று நாள் வாசித்ததும் இங்கேதான். இரண்டாவது பெரிய மேடை ட்வின் பீக்ஸ், ஹெல்மன் ஹாலோ புல்வெளியில். மேலே சொன்ன அதே வாரன் ஹெல்மனின் பெயர். சுட்ரோ, பேன்ஹேண்டில் போன்ற சிறிய மேடைகளும் உண்டு. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கூட்டத்தோடு கூட்டமாக நடக்க இருபது நிமிடம் ஆகும். வரைபடத்தில் கிட்டத்தில் தெரிவதை நம்பாதீர்கள்.

விழாவின் செயலியை வீட்டு வைஃபையிலேயே இறக்கி, அன்றைய அட்டவணையைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன் சிக்னல் வரும் போகும். ஒரு நாளைக்குக் கட்டாயம் பார்க்க வேண்டியவர்கள் என்று மூன்று பேரை மட்டும் குறியுங்கள். ஏழெட்டுப் பேரைக் குறித்தால் எல்லோருடைய கடைசிப் பாட்டையும் நடந்துகொண்டே கேட்பீர்கள். இடைப்பட்ட நேரத்தில் பெயரே தெரியாத யாரையாவது சிறிய மேடையில் முன்வரிசையில் நின்று கேளுங்கள். பெரிய மேடையில் கடைசிப் பாடகரை 200 அடி தள்ளித் திரையில் பார்ப்பதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

நண்பர்களோடு போகிறவர்கள் உள்ளே நுழைந்ததுமே ஓர் இடத்தைப் பேசிக்கொள்ளுங்கள். "மேடைக்கு இடதுபக்கம்" என்றால் யாரும் சேர மாட்டீர்கள். ஒலிக்கட்டுப்பாட்டுக் கூடாரத்தின் வலது பின்மூலை என்பதுபோல் துல்லியமாக, ஒரு நேரத்தோடு சேர்த்து. அந்தக் கூடாரத்துக்குப் பின்னால் நிற்பதில் வேறு லாபமும் உண்டு: ஒலிப்பொறியாளர் தன் காதுக்கு ஏற்றபடிதான் சரிசெய்வார், அதனால் பாட்டு அங்கே தெளிவாகக் கேட்கும், நெரிசலும் குறைவு.

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷின் கணக்குப்படி 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம்; மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். பெரிய மேடைக்கு முன்னால் அந்த அளவு சாதாரணம். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை காதடைப்பானைச் சுருட்டி உள்ளே விட்டால் போதும். சிறு குழந்தைகளுக்குத் தலையில் மாட்டும் காதுமூடி கட்டாயம். அது இல்லாமல் தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கிராஸ் லேண்ட்ஸ் பக்கம்

கஞ்சா விற்கும் பகுதிக்கு அந்தப் பெயர். 2019 முதல் உரிமத்தோடு உள்ளேயே விற்பனை நடக்கிறது. கலிபோர்னியாவில் 21 வயது ஆனவர்களுக்கு அது சட்டப்படி சரி. ஆனால் ஐக்கிய அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் இன்றும் குற்றம், குடியேற்றம் மத்திய அரசின் கையில். எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள்கூட, வாங்கியதாகவோ பயன்படுத்தியதாகவோ பின்னால் ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டாலே சிக்கல் வரலாம். "இங்கே சட்டப்படி சரிதானே" என்று ஆபீஸ் நண்பர் சொல்வார். அவர் குடியுரிமையோடு பிறந்தவர். அந்தப் பக்கம் போட்டோ எடுத்துப் போடுவதையும் தவிர்த்துவிடுங்கள். இனிப்பு, சாக்லேட் வடிவிலும் வரும் என்பதால் தெரியாதவர் நீட்டும் தின்பண்டத்தை வாங்காதீர்கள்.

திரும்ப

அக்கம்பக்கத்து வீடுகளுக்காக இரவு 10 மணிக்கு ஒலி நின்றாக வேண்டும். நின்றதும் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் லிங்கன் வேயை நோக்கியும் ஃபுல்டனை நோக்கியும் நடப்பார்கள். கால்ட்ரெய்னும் பார்ட்டும் நள்ளிரவை ஒட்டியே நின்றுவிடும் என்பதால், அன்றைய கடைசி ரயிலின் நேரத்தை முன்கூட்டியே குறித்து, அதற்கு முந்தைய ரயிலைக் குறிவையுங்கள். தென்பகுதிக்குப் போகிறவர்கள் கடைசி இரண்டு பாட்டை விட்டுவிட்டு 9:40-க்கே கிளம்பலாம். நடந்து வெளியே போகும்வரை எப்படியும் காதில் விழும்.

ரயிலில் இடம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. எல்லோரும் ஊர்ப் பக்கம், அதாவது கிழக்கே நடந்து அடுத்த நிறுத்தத்தில் ஏறப் பார்ப்பார்கள்; வருகிற ரயிலெல்லாம் நிரம்பி வழியும். நீங்கள் மாறாக மேற்கே, கடலை நோக்கி, 40-களின் அவென்யூவரை நடங்கள். என் ரயிலும் 5 பஸ்ஸும் கடற்கரையிலிருந்துதான் புறப்படுகின்றன. அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. பத்து, பதினைந்து நிமிட நடைதான், ஆனால் காற்று முகத்தில் அடிக்கும். குல்லாய் அப்போதுதான் உழைக்கும்.

ஊபர் கூப்பிடுவதாக இருந்தால் பூங்கா ஓரத்தில் நின்றுகொண்டு கூப்பிடாதீர்கள். விலை ஏறியிருக்கும், வண்டியும் உள்ளே வர முடியாது. ஆறு தெரு தெற்கே, நோரியேகா வரை நடந்து அங்கிருந்து கூப்பிடுங்கள். ஞாயிறன்று மேடைகள் கொஞ்சம் முன்னதாகவே முடிவது வழக்கம். திங்கள் காலை எட்டு மணிக்கு மீட்டிங் வைத்திருப்பவர்கள் மூன்று நாளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், யார் பாடினாலும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.